ஹாலிடே: திருநாளா, விடுமுறையா?

ஆங்கிலம் படியாத வீடுகளிலும் வழங்குகிற ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. பஸ், டிக்கெட், ஸ்கூல், ஆஸ்பத்திரி முதலியவை அவ்வகை. அவற்றுள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகவும் பிரியமான சொல் எது என்று கேட்டால், "ஹாலிடே" என்றே எல்லோரும் ஒருமுகமாய்ச் சொல்வார்கள். மழை கொட்டும் காலையில் அந்த ஒரு சொல்லைக் கேட்க எத்தனை பிள்ளைகள் காது கொடுத்துக் காத்திருக்கிறார்கள்!

இந்த வாரம் அச்சொல்லையே பாடமாக எடுத்துக்கொள்வோம். அது எங்கே பிறந்தது, என்ன பொருளோடு பிறந்தது, இடையில் என்ன பொருளை இழந்தது, இப்பொழுது அதை எப்படிச் சரியாய் வழங்க வேண்டும் என்பவற்றை வரிசையாய்ப் பார்ப்போம். பிள்ளைகளுக்கு இது ஆங்கிலப் பாடமாக உதவும். பெற்றோர் சற்றுப் பொறுமையாய்க் கடைசிவரை வாசிப்பார்களானால், தங்கள் வீட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய காரியம் ஒன்றும் இதில் அடங்கியிருப்பதைக் காண்பார்கள்.

1. பிறப்பு

ஆயிரம் வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் "ஹாலிக்" என்றொரு சொல் இருந்தது. பரிசுத்தமான என்பது அதன் பொருள். இன்று நாம் "ஹோலி" என்பது அதுவே. நாளைக் குறிக்கும் சொல்லோடு அது சேர்ந்து, "பரிசுத்த நாள்" என்று பொருள்படும் ஒரே சொல்லாயிற்று. ஆண்டவருக்கென்று ஒதுக்கிவைத்த நாள் எதுவோ அதற்கு அப்பெயர். யூதருடைய ஓய்வு நாளையும் அச்சொல்லாலேயே குறித்தார்கள்.

ஆகவே "ஹாலிடே" என்பதை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் என்ன வரும்? "திருநாள்" என்று வரும். "திரு" என்ற அடைமொழியை நாளுக்கு முன் வைத்து நம் முன்னோர் வழங்கிய அழகான சொல்லும், வடகடலோரம் வாழ்ந்த அம்மக்கள் வழங்கிய சொல்லும் ஒரே கருத்தில் பிறந்தவை. ஆனால் இன்று "ஹாலிடே" என்றதும் நம் மனதில் தோன்றுவது திருநாள் அன்று, விடுமுறையே. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதுதான் இப்பாடத்தின் சாரம்.

அதற்கு முன் அச்சொல்லின் உறவினரையும் தெரிந்துகொள்வோம். "ஹாலிக்" என்பது "ஹால்" என்னும் வேரிலிருந்து வந்தது. குறைவற்ற, முழுமையான, சுகமான என்று அதற்குப் பொருள். முழுமை எனப்படும் "ஹோல்", குணமாக்குதல் எனப்படும் "ஹீல்", ஆரோக்கியம் எனப்படும் "ஹெல்த்" ஆகிய மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகள். வடநாட்டாராகிய ஸ்கந்திநேவியர் தங்கள் பாஷையில் ஒருவரைச் சந்திக்கும்போது "சுகமாயிரும்" என்ற கருத்தில் சொல்லிய வாழ்த்துச் சொல் ஆங்கிலத்தில் "ஹெயில்" என்று வந்து சேர்ந்தது. பிரியதத்த மந்திரத்தை ஆங்கிலத்தில் சொல்லுகிற பிள்ளைகள் முதலாவது உச்சரிக்கும் சொல் அதுவே. இவ்விதம் பரிசுத்தம், முழுமை, சுகம் என்னும் மூன்றும் ஒரே வேரில் கிளைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

2. ஓசை மாறியது ஏன்?

"ஹோலி" என்று நீட்டிச் சொல்கிறோமே, "ஹாலிடே" என்னும்போது அந்த ஓசை ஏன் மாறுகிறது என்று புத்தியுள்ள பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டு சொற்கள் ஒட்டி ஒரே சொல்லாகும்போது, முதற்சொல்லின் நெடில் குறுகிவிடுவது ஆங்கிலத்தில் பழைய வழக்கம். "கிரைஸ்ட்" என்பது பூசையைக் குறிக்கும் "மாஸ்" என்பதோடு சேர்ந்து "கிறிஸ்மஸ்" ஆனது. "ஷீப்" என்னும் ஆடு, மேய்ப்பனைக் குறிக்கும்போது "ஷெப்பர்ட்" ஆனது. "வைஸ்" என்னும் ஞானமுள்ளவனிடமிருந்து "விஸ்டம்" வந்தது. நோன்பை முறித்தல் என்று பொருள்படும் "பிரேக்", "ஃபாஸ்ட்" என்ற இரு சொற்கள் சேர்ந்து காலை ஆகாரமாகிய "பிரெக்ஃபஸ்ட்" உண்டானதும் இவ்வாறே.

இப்படிக் குறுகியதால், 1200-ம் வருஷத்தையொட்டி அச்சொல் "ஹலிடே" என்று வழங்கிற்று. திருநாளில் பிறந்த பிள்ளைகளுக்கு அதையே பெயராக இட்டதும் உண்டு. "ஹாலிடே" என்றும் "ஹாலிடேய்" என்றும் ஆங்கிலேயருக்குள் வழங்கும் குடும்பப் பெயர்கள் அதிலிருந்து வந்தவை. மொழிநூல் வல்லவராகிய மைக்கேல் ஹாலிடே (1925–2018) என்பவரின் பெயரில் இன்றும் பழைய எழுத்தே நிலைத்திருக்கிறது. பிற்பாடு "ஹோலி" என்ற சொல்லின் சாயல் பட்டு, 1500-ம் வருஷத்துக்குப் பின் இன்றைய எழுத்து நிலைபெற்றது.

எழுதும்போது கவனம்: எச், ஓ, எல், ஐ, டி, ஏ, ஒய். எல் ஒன்றுதான், இரண்டு போடுவது பிழை. "ஹோலி"யின் கடைசியில் உள்ள ஒய் இங்கே ஐ ஆகிவிடுகிறது. கோவில் சம்பந்தமான திருநாளையே குறிக்க வேண்டுமானால், "ஹோலி டே" என்று இரண்டு சொல்லாய்ப் பிரித்து எழுதுவார்கள். நம் கடன் திருநாளுக்கு "ஹோலி டே ஆஃப் ஆப்ளிகேஷன்" என்று பெயர். 1500-க்குப் பின் இவ்விதம் ஓசையிலும் எழுத்திலும் அவை இரண்டு சொல்லாய்ப் பிரிந்தபோது, பொருளிலும் பிரிந்தன.

3. ஒரு சொல்லில் இரண்டு பொருள்

ஆதியில் பிரிவு இல்லை. திருநாள் வந்தால் வேலை இல்லை. வேலை இல்லாத நாள் என்றால் அது திருநாள். 1300-க்குப் பின் எழுந்த நூல்களில் இவ்விரண்டு பொருளும் அச்சொல்லில் சேர்ந்தே காணப்படுகின்றன. குடியானவன் காலையில் பூசை கண்டான். அதன்பின் விருந்து, விளையாட்டு, உறவினர் சந்திப்பு. வியாபாரிகளும் அங்கே கூடினார்கள். லத்தீனில் ஓய்வு நாளுக்கு "ஃபேரியா" என்று பெயர். சந்தையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய "ஃபேர்" அதிலிருந்தே வந்தது. நம் நாட்டிலும் தேர்த் திருவிழாவையொட்டிக் கடைத்தெரு முளைப்பதைக் காண்கிறோம் அல்லவா?

வருஷத்தின் காலக் கணக்கே திருநாள்களை வைத்து நடந்தது. செப்டம்பர் 29-ந் தேதி வரும் அர்ச். மிக்கேல் சம்மனசின் திருநாளுக்கு "மிக்கல்மஸ்" என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளில் இலையுதிர்காலப் படிப்புப் பருவத்துக்கு இன்றளவும் அதே பெயர்தான். பிப்ரவரி 2-ந் தேதி மெழுகுவர்த்திகளை மந்திரிக்கும் திருநாள் "கேண்டில்மஸ்". சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாளுக்கு முந்திய இரவுதான் "ஹாலோவீன்". இன்று பேய் முகமூடி அணியும் வேடிக்கையாக அறியப்படும் அப்பெயருக்குள்ளும் பரிசுத்தம் என்ற பழைய சொல் ஒளிந்திருக்கிறது.

எனினும் அக்காலத்தை ஒரே பொற்காலமாகச் சொல்லிவிடலாகாது. கூலிக்காரனுக்குத் திருநாளில் ஓய்வு உண்டு; கூலி இல்லை. திருநாள்களுக்குக் கூலி வாங்கலாகாது என்றும், நண்பகலோடு வேலை நிறுத்தும் முந்திய தினத்துக்கு அரைக்கூலிக்கு மேல் வாங்கலாகாது என்றும் 1402-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் சட்டமே இருந்தது. அடுப்பு எரியாத வீட்டில் ஓய்வு எப்படி இனிக்கும்? இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு விடை வரும்.

4. திருநாள்கள் குறைந்த கதை

எட்டாம் ஹென்றி அரசன் பாப்பரசரோடு உறவை முறித்துக்கொண்ட பின், 1536-ம் வருஷத்தில் திருநாள்கள் அதிகமாகிவிட்டன என்று தீர்மானிக்கப்பட்டது. திருநாள் மிகுதியால் சோம்பலும் குடியும் பெருகுகின்றன, அறுவடை பாழாகிறது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். ஜூலை 1 முதல் செப்டம்பர் 29 வரை அறுவடைக் காலத்தில் வரும் திருநாள்களும், நீதிஸ்தலங்கள் கூடும் காலத்தில் வரும் திருநாள்களும், அப்போஸ்தலர், தேவமாதா முதலிய சிலவற்றைத் தவிர நீக்கப்பட்டன. ஒவ்வொரு பங்கும் தன் கோவில் அபிஷேகத் திருநாளைத் தனித்தனித் தேதியில் கொண்டாடாமல், எல்லாப் பங்குகளும் அக்டோபர் மாதம் முதல் ஞாயிறன்றே கொண்டாட வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது.

ஜனங்கள் இதை எவ்விதம் ஏற்றார்கள்? அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் வட இங்கிலாந்தில் கர்க்பி ஸ்டீபன் என்னும் பங்கிலே நடந்த சம்பவம் ஒன்று போதும். ஞாயிறு பூசையில் வரும் வாரத்துத் திருநாள்களை அறிவிப்பது குருவின் வழக்கம். அக்டோபர் 18-ந் தேதி அர்ச். லூக்காஸ் திருநாள். புதுக் கட்டளைப்படி குருவானவர் அதை அறிவியாமல் விட்டார். கோவிலிலேயே ஜனங்கள் கொந்தளித்து எழுந்தார்கள். அவர் திருநாளை அறிவித்த பின்புதான் அமைதி உண்டாயிற்று. மடங்கள் மூடப்பட்டதாலும் வரிகளாலும் வேறு மனக்குறைகளாலும் அப்பொழுது வடநாடெங்கும் மூண்டெழுந்த கிளர்ச்சிக்கு "அருள் யாத்திரை" என்று பெயர். அடுத்த வருஷம் அது அடக்கப்பட்டு, தலைவர்கள் பலர் கொல்லப்பட்டனர்.

நூறு வருஷங்களுக்குப் பின் பியூரிட்டன் கட்சியார் கை ஓங்கிற்று. 1647-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பார்லிமெண்ட் கிறிஸ்மஸ், பாஸ்கு, பெந்தெகொஸ்தே திருநாள்களையே நீக்கிவிட்டது. அப்படி நீக்கியபோது, மாணவரும் வேலைக்காரரும் தொழில் பழகும் பையன்களும் ஓய்வின்றிப் போவார்களே என்ற கேள்வி எழுந்தது. அதற்காக ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு உல்லாச நாள் என்று விதித்தார்கள். நம் சொல்லின் சரித்திரத்தில் இது முக்கியமான கட்டம். எந்தத் திருநாளையும் சாராமல், ஓய்வுக்கென்றே சட்டம் ஒரு நாளை ஒதுக்கியது. விடுமுறை இருந்தது, திருநாள் இல்லை. ஆனாலும் ஜனங்கள் மனம் ஒப்பவில்லை. அந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் அன்று காண்டர்பரி நகரில் கடைகளைத் திறக்கச் சொன்னபோது பெருங்கலகம் உண்டாயிற்று. 1660-ல் அரசாட்சி திரும்பியபோது திருநாள்களும் திரும்பின.

அதன்பின் வந்தது ஆலைகளின் காலம். நீராவி இயந்திரத்துக்குத் திருநாள் தெரியாது. இங்கிலாந்து பாங்கியின் கணக்கைப் பாருங்கள்: 1834-க்கு முன் அது அர்ச்சியசிஷ்டவர்களின் நாள்கள் உட்பட வருஷத்தில் சுமார் 33 நாள்கள் மூடப்பட்டிருந்தது. 1834-ல் அவை நான்காகக் குறைக்கப்பட்டன. பெரிய வெள்ளிக்கிழமை, மே முதல் தேதி, நவம்பர் முதல் தேதி, கிறிஸ்மஸ் ஆகியவையே மிஞ்சின. பாங்கிக் குமாஸ்தாவின் நிலையே இதுவானால், பஞ்சாலைக் கூலியாளின் நிலையைச் சொல்ல வேண்டுமா? 1843-ல் சார்லஸ் டிக்கென்ஸ் எழுதிய கிறிஸ்மஸ் கதையிலே, கருமியாகிய ஸ்குரூஜ் தன் குமாஸ்தாவுக்குக் கிறிஸ்மஸ் ஒரு நாள் விடுமுறை கொடுப்பதையே தன் பணம் பறிபோவதாக எண்ணி முணுமுணுக்கிறான். வாசகர் அதை நம்பமுடியாத கற்பனையாக எண்ணவில்லை.

5. ஓய்வு திரும்பி வந்த கதை

பழைய வேலி பிடுங்கப்பட்டபின், புது வேலியைச் சட்டத்தால் கொஞ்சங் கொஞ்சமாய்க் கட்ட வேண்டியதாயிற்று. 1833-ம் வருஷத்து ஆலைச் சட்டம் சிறுவருக்குக் கிறிஸ்மஸும் பெரிய வெள்ளிக்கிழமையும் முழு விடுமுறை என்றும், மேலும் எட்டு அரைநாள்கள் கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. 1850-ம் வருஷத்துச் சட்டம் பஞ்சாலைகளில் பெண்களுக்கும் இளைஞருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்றது.

1871-ல் சர் ஜான் லபக் என்னும் பாங்கிக்காரர் பார்லிமெண்டில் கொண்டுவந்த மசோதா சட்டமாயிற்று. பாஸ்குத் திங்கள், பெந்தெகொஸ்தே திங்கள், ஆகஸ்டு மாத முதல் திங்கள், கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஆகிய நான்கும் இங்கிலாந்தில் பாங்கி விடுமுறைகளாயின. "பேங்க் ஹாலிடே" என்னும் சொற்றொடர் இவ்விதம் நிலைத்தது. இவற்றுள் ஆகஸ்டு திங்கள் எந்தத் திருநாளையும் சேராதது. அவ்வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி முதன்முறையாக அது வந்தபோது சந்தோஷமடைந்த ஜனங்கள், அர்ச்சியசிஷ்டவர் பெயரால் நாள் இருந்த பழைய வழக்கத்தை நினைத்தோ என்னவோ, "அர்ச். லபக் திருநாள்" என்று வேடிக்கையாய்ப் பெயரிட்டார்கள்!

1402-ம் வருஷத்துக் கூலிக்காரனை மறந்துவிடவில்லையே? அவனுக்கு விடை 1938-ல் கிடைத்தது. சம்பளத்தோடு விடுமுறை தர வழி செய்யும் சட்டம் அவ்வருஷம் பிரிட்டனில் நிறைவேறியது. 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவு, ஓய்வும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் எல்லா மனிதருக்கும் உரியவை என்று கூறுகிறது. பரிசுத்த நாள் என்று பிறந்த சொல், தொழிலாளியின் உரிமையைக் குறிக்கும் சொல்லாக அங்கே நிற்கிறது.

6. திருச்சபையின் கணக்கு

திருநாள்களைக் குறைத்தவர்கள் அரசர்களும் ஆலை முதலாளிகளும் மாத்திரமே என்று எண்ணலாகாது. திருச்சபையும் குறைத்திருக்கிறது. அப்படிச் செய்ததில் ஏழைகளின் கஷ்டமும் ஒரு காரணமாயிருந்தது. கடன் திருநாள்கள் இடத்துக்கு இடம் பெருகிப்போய், அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்கள் வருமானமின்றித் தவித்த காலத்தில், 8-ம் உர்பன் பாப்பரசர் 1642-ல் அவற்றை ஒழுங்குபடுத்தி ஒரு வரையறைக்குள் கொண்டுவந்தார். 10-ம் பத்திநாதர் 1911-ல் ஞாயிறு நீங்கலாக எட்டாகக் குறைத்தார். 1917-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில் பத்து வைக்கப்பட்டன; அர்ச். சூசையப்பர் திருநாளும் தேவநற்கருணைத் திருநாளும் சேர்ந்தன. 1983-ம் வருஷத்துத் தொகுப்பிலும் பத்தே உள்ளன. ஆயினும் அந்தந்த நாட்டு மேற்றிராணிமார் சங்கம், பாப்பரசரின் சம்மதத்தோடு சிலவற்றை நீக்கவோ ஞாயிற்றுக்கு மாற்றவோ கூடும்.

1891-ல் 13-ம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளரைப் பற்றி எழுதிய நிருபத்தில் ஞாயிறு ஓய்வை வலியுறுத்தினார். அந்த ஓய்வு சோம்பித் திரிவதற்கோ பணத்தை விரயம் செய்வதற்கோ ஏற்பட்டது அன்று; ஆராதனையோடு சேர்ந்த ஓய்வாக அது இருக்க வேண்டும் என்பது அவர் போதனையின் கருத்து. அதாவது, பிரிந்துபோன இரண்டு பொருள்களையும் அவர் மறுபடி ஒரு சொல்லில் கட்டினார்.

7. வழக்கில் சரியும் பிழையும்

இனி பிள்ளைகள் கவனிக்க வேண்டிய பகுதி. நம் நாட்டில் மிகுதியாய்க் கேட்கும் பிழை ஒன்று உண்டு. "நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு" என்று தமிழில் சொல்லிப் பழகிவிட்டதால், ஆங்கிலத்திலும் "டுமாரோ இஸ் லீவ்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. "டுமாரோ இஸ் எ ஹாலிடே" என்பதே சரி.

வேற்றுமை என்னவெனில்: "லீவ்" என்பதற்கு அனுமதி என்று பொருள். ஒருவர் தமக்கென்று கேட்டு, மேலதிகாரி கொடுத்து, பெற்றுக்கொள்வது லீவ். காய்ச்சலாகக் கிடக்கும் குமாஸ்தா எடுப்பது லீவ். எவரும் கேளாமலே எல்லோருக்கும் பொதுவாய் வருவது ஹாலிடே. குடியரசு தினம் ஹாலிடே. அன்று ஒருவரும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. விட்டுப் போதல் என்னும் பொருளுள்ள "லீவ்" வேறு சொல். எழுத்தும் ஓசையும் ஒன்றாயினும் வேர் வேறு.

"வெக்கேஷன்" என்பது காலியாயிருத்தல் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்கர் ஊர் சுற்றப் போகும் ஓய்வுக்காலத்தை அப்படிச் சொல்வார்கள். ஆங்கிலேயர் அதையே ஹாலிடே என்பார்கள். வெக்கேஷன் என்பதைச் சர்வகலாசாலைக்கும் நீதிஸ்தலத்துக்கும் வைத்துக்கொள்வார்கள். ஊருக்குப் போயிருப்பவரைப் பற்றிச் சொல்லும்போது "ஆன் ஹாலிடே" என்று ஒருமையில் சொல்ல வேண்டும். பள்ளியின் நீண்ட விடுமுறையைப் பன்மையில் "ஹாலிடேஸ்" என்பது வழக்கம்.

சில வேடிக்கையான வழக்குகளும் உண்டு. பொழுது சாய்ந்து, வேலைக்கு வெளிச்சம் போதாமல், விளக்கேற்றவும் மனமில்லாமல் சும்மாயிருக்கும் அந்திநேரத்தைப் பழைய ஆங்கிலேயர் "குருடன் ஹாலிடே" என்றார்கள். கப்பலுக்குச் சாயம் பூசும்போது தூரிகை படாமல் விட்டுப்போன திட்டுக்கு மாலுமிகள் "ஹாலிடே" என்று பெயர் வைத்தார்கள். தூரிகை அங்கே ஓய்வெடுத்துக்கொண்டதாம்! ஓய்வு நாளிலும் தன் தொழிலையே செய்துகொண்டிருப்பவனை "பஸ்காரன் ஹாலிடே" கொண்டாடுகிறான் என்பார்கள். பஸ் ஓட்டுகிறவன் விடுமுறையிலும் பஸ்ஸிலேயே சவாரி போவது போல.

இன்னொரு வழக்கு வேடிக்கையானது அன்று. "ரோமன் ஹாலிடே" என்பது 1818-ல் வெளியான கவி பைரனின் காவியப் பகுதியிலிருந்து பரவியது. பிற்காலத்தில், 1953-ல், ஒரு சினிமாவுக்கும் பெயராயிற்று. பழைய ரோமாபுரியில் ஜனங்கள் திருவிழாக் கூட்டமாய் உட்கார்ந்து கைதட்ட, அரங்கின் நடுவே அடிமை வீரன் குத்துண்டு சாவான். ஆகையால் பிறர் வேதனையின்மேல் ஒருவன் அனுபவிக்கும் உல்லாசத்துக்கு அந்தப் பெயர் வந்தது.

8. நம் வீட்டில் யாருக்கு ஹாலிடே?

இவ்விடத்தில் பெற்றோர் சற்று நிற்கவேண்டும். கத்தியும் இரத்தமும் இல்லாவிட்டாலும், ஒருவருடைய விடுமுறை மற்றொருவருடைய களைப்பின்மேல் நிற்பது நம் வீடுகளிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தகப்பனுக்கு ஓய்வு, பிள்ளைகளுக்கு ஓய்வு. தாயாருக்கு? எல்லோரும் வீட்டில் இருப்பதால் அடுப்பு இரட்டிப்பாய் எரிகிறது. கறி வாங்க வேண்டும், மசாலை அரைக்க வேண்டும், விருந்தினரைக் கவனிக்க வேண்டும், வாரத்துத் துணியெல்லாம் துவைக்க வேண்டும். முதற் பூசைக்கு ஓடிப்போய் ஓடிவந்து, வேலையிலேயே அன்றைய பொழுதைக் கழிக்கிறாள். அவளுடைய நாட்காட்டியில் சிவப்புத் தேதி கிடையாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கும், கடையில் நிற்கும் பையனுக்கும் அப்படியே.

சர்வேசுரன் ஓய்வு நாளைக் கட்டளையிட்டபோது யாரை எண்ணிக் கட்டளையிட்டார் என்று வேதாகமத்தில் உபாகமம் 5-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுத் தலைவனோடு கட்டளை நிற்கவில்லை. மகனும் மகளும், வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையும், வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியனும் ஒவ்வொருவராய்க் குறிக்கப்படுகிறார்கள். இஸ்ராயேலர் ஒரு காலம் எகிப்தில் ஓய்வறியாத அடிமைகளாயிருந்ததை ஞாபகப்படுத்தி, அதனாலேயே பிறருக்கு ஓய்வு கொடுக்கும்படி கட்டளை சொல்கிறது. திருநாளில் நாம் ஓய்ந்திருப்பது பாதிக் கட்டளைதான். நம்மைச் சார்ந்தவர்களை ஓயவிடுவது மறு பாதி.

ஆதலால், காசு செலவில்லாத சில ஏற்பாடுகளை இந்த ஞாயிறே தொடங்கலாம். ஞாயிற்றுச் சமையலுக்கு வேண்டியதில் ஒரு பங்கைச் சனிக்கிழமை மாலையிலேயே எல்லோருமாய்ச் சேர்ந்து செய்து வைக்கலாம். வளர்ந்த பிள்ளைகள், ஆண்பிள்ளைகளும்தான், பாத்திரம் விளக்கலாம். துணி துவைப்பதை வேறு நாளுக்கு மாற்றலாம். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். அந்த நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதேயுங்கள். 1402-ம் வருஷத்துச் சட்டம் 1402-ம் வருஷத்தோடே போகட்டும்.

"ஹாலிடே" என்ற சொல்லுக்குள் பரிசுத்தமும் ஓய்வும் ஒருங்கே இருந்தன. பரிசுத்தத்தை விட்டு ஓய்வை மட்டும் பிடித்துக்கொண்ட காலத்தில், ஏழைகளுக்கு அந்த ஓய்வும் நிலைக்கவில்லை என்பதைச் சரித்திரத்தில் கண்டோம். ஓய்வைப் பிறருக்கு மறுத்துவிட்டுப் பரிசுத்தத்தை மட்டும் கொண்டாடினாலும் அது குறைவுள்ள திருநாளே. அச்சொல்லின் பழைய வேருக்கு முழுமை என்று பொருள் சொன்னோம் அல்லவா? வீட்டில் ஒருவரும் விடுபடாத நாளே முழுமையான நாள்.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்

1. "ஹாலிடே" என்னும் சொல்லின் நேரான தமிழ் என்ன?
2. "ஹோலி" என்பதன் நெடில் "ஹாலிடே"யில் ஏன் குறுகியது? அதுபோன்ற வேறு இரண்டு சொற்கள் சொல்லுக.
3. "லீவ்", "ஹாலிடே" இவற்றின் வேற்றுமை என்ன? இரண்டையும் வைத்து ஒவ்வொரு வாக்கியம் எழுதுக.
4. "அர்ச். லபக் திருநாள்" என்று ஜனங்கள் எந்த நாளைச் சொன்னார்கள்? ஏன்?
5. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாயார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து ஓய்வெடுத்தார்கள்? இதற்கு விடையைப் புத்தகத்தில் தேட வேண்டாம், அவர்களிடமே கேளுங்கள்.